இறக்கி வைத்த மூட்டை

பதினோராம் அத்தியாயம்

வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. மூன்று மாதமாக இந்த வீட்டில் வண்டியைத் தவிர வேறு பேச்சில்லை என்பது வாராவாரம் கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே காலெடுத்து வைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்.

செல்லாத்தாள் பத்தொன்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வெள்ளகோவிலிலிருந்து திருப்பூருக்குத் தாய் வீடு திரும்பியவள். வந்த மறு வருஷமே தாயும் கண்ணை மூடிவிட்டாள். தம்பிகள் இரண்டு பேரையும் வளர்த்தது அவள்தான். பெரியவன் ஞானசம்பந்தம் அப்போதே கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை. சின்னவன் தங்கவேலு நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவளை அம்மா என்று கூப்பிட்டு, பிறகு ஊரார் திருத்தி அக்கா என்று மாற்றியவன். இன்றைக்கு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். அக்காள் அங்கே மூட்டை கட்டும் அறையைப் பார்த்துக்கொள்கிறாள்.

பெரியவனுக்கு மூன்று பிள்ளைகள். சின்னவன் மனைவி கண்ணம்மாளுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் பிள்ளை ஐந்தாம் மாசமே நழுவிப் போயிற்று. இரண்டாவது ஏழாம் மாசம். கொட்டுகிற மழை. டாக்சிக்காரர் தாராபுரத்துக்குக் கல்யாணச் சவாரி போயிருந்தார். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பிக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது கண்ணம்மாள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், எட்டாம் மாசம்.

இப்போது புரிகிறதா, வண்டி எதற்கு என்று?

கையில் இருக்கிற காசுக்குள் பெரிய வண்டியாகவும் வேண்டும், வழியில் நிற்காத வண்டியாகவும் வேண்டும். புது அம்பாசிடருக்குப் பேர் பதிந்தால் அது வந்து சேருவதற்குள் கண்ணம்மாளின் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும். பியட் அடக்கமான வண்டிதான். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரி காலை நீட்ட முடியாது. ஜீப்பா? அதில் ஏற்றிக் குலுக்குவதற்கு மாட்டு வண்டியே தேவலை.

“படுத்துட்டே போகோணும். பக்கத்துல ஒருத்தி உக்காந்து புடிச்சுக்கோணும். அதுக்கு எடமிருக்கற வண்டியாப் பாரு சாமி” என்று செல்லாத்தாள் ஒற்றைக் காலில் நின்றாள். அப்படித் தேடித்தான், வால்பாறைப் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்த இந்தப் பழைய ஸ்டேஷன் வேகன் கிடைத்தது. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். பின் சீட்டில் ஓர் ஆள் படுக்கலாம். பக்கத்தில் உட்காரப் போகிற அந்த ஒருத்தி யார் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? இரண்டு தடவையும் அவள்தானே உட்கார்ந்தாள்!

புதன்கிழமை காலையில் புரோக்கர் அய்யாசாமி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவர் கன்னையன் மூடியைத் தூக்கிப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான், புகையை மோந்து பார்த்தான். மெக்கானிக் வேலையும் தெரிந்தவன். லேசில் ஒரு வண்டியை நல்லது என்று சொல்லிவிட மாட்டான்.

“வெறும் வண்டி எல்லா வண்டியும் ஓடுமுங்க. பாரம் ஏத்தி ஏத்தத்துல உடோணும். ஊட்டு ஆளுகள எல்லாம் ஏத்துங்க, பாத்துரலாம்” என்று முந்தின நாளே சொல்லியிருந்தான்.

ஞானசம்பந்தம் ஒத்துக்கொள்ளவில்லை. நம்பாத வண்டியில் குடும்பத்தை ஏற்றுவதாவது! “ஆளுக்குப் பதிலா மூட்டை ஏத்து கன்னையா. எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான்” என்றார். எதையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகே நம்புகிற ஊர் அல்லவா இது!

அதற்காக முந்தின நாள் சாயங்காலமே கம்பெனித் தராசில் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஏறி இறங்கியாயிற்று. அவினாசித் தேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியவன் மனைவி ஜானகியம்மாள், “என்னையென்ன பருத்திப் பொதியாட்ட நிறுக்கறீங்க!” என்று வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினாள். பிள்ளைகள் இரண்டு தடவை ஏறின. கண்ணம்மாளைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினாள் செல்லாத்தாள். கடைசியில் அவளே ஏறியபோது முள் நாற்பது கிலோவுக்குக் கூட வரவில்லை. இவ்வளவுதானா நான் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஜானகியம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவினாசிக்குப் பஸ் ஏறிவிட்டாள். செல்லாத்தாள் விடிகிறதற்கு முன்னே எழுந்து ஆளுக்கு ஒரு மூட்டை கட்டி வைத்தாள். நூல் பைகளைச் சேர்த்துப் பெரியவனுக்கு ஒன்று, அவன் மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்குச் சின்னதாக மூன்று, தங்கவேலுக்கு ஒன்று. கண்ணம்மாளுக்கு மட்டும் நூல் இல்லை. நல்ல பனியன் துணியாகச் சுருட்டி நீளமாகக் கட்டினாள். மூட்டைதான், இருந்தாலும் அவள் பேரில் கட்டுகிற மூட்டை உறுத்தலாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. கடைசியாகத் தனக்கும் ஒரு சின்ன மூட்டை.

கன்னையன் ஒவ்வொன்றாக ஏற்றினான். நீள மூட்டையைப் பின் சீட்டில் படுக்க வைத்தான். அதன் தலைமாட்டில் அந்தச் சின்ன மூட்டையை உட்கார்த்தினான்.

“இதாருங்க, தலமாட்டுல?” என்று கேட்டார் புரோக்கர் அய்யாசாமி, வேடிக்கையாக.

“அது அக்காளுங்க” என்றான் கன்னையன்.

ஞானசம்பந்தம் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “அத எறக்கிரு” என்றார்.

“ஏனுங்க?”

“எறக்குன்னா எறக்கு. அந்த எடத்துல ரெண்டு நூல் பையச் சேத்து வை. பழனாயி அத்தைக்கு.”

பழனாயி என்பது கண்ணம்மாளின் தாயார். நல்ல ஆகிருதி.

“பழனாயம்மாளுக்கு வெக்கறனுங்க. அதுக்கு இத எதுக்கு எறக்கோணும்? இத்தனூண்டு மூட்டை, வண்டிக்கு இது இருந்தா என்னுங்க, இல்லாட்டி என்னுங்க?” என்றான் கன்னையன்.

தங்கவேலு வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னையன் அந்த மூட்டையைத் தூக்கி வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தான். செல்லாத்தாள் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

வண்டி பல்லடம் ரோட்டில் புறப்பட்டுப் போயிற்று. அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. ஏதோ கணக்குப் பார்க்கிறார்கள், பிறகு ஏற்றுவார்கள் என்று நின்றாள். அந்த மூட்டையை உள்ளே எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. பிறகுதான் நெஞ்சுக்குள் சுரீர் என்றது.

பெரியவன்! அப்பன் போன பிறகு அவனுக்குப் பெரிய மனுஷத் தோரணை வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுச் செலவுக்கு அவளைக் கேட்கிறதில்லை. நல்லது கெட்டதுக்கு முன்னால் கூப்பிடுகிறதில்லை. அதையெல்லாம் அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் புரோக்கர் எதிரிலே, டிரைவர் எதிரிலே இப்படியா? வரட்டும், கேட்டுவிடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். போன வேகத்தில் சோற்றுப் பானையைக் கொஞ்சம் பலமாகவே இறக்கினாள்.

அருள்புரம் வரைக்கும் போய், ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு வண்டி திரும்பி வந்தது. கன்னையன் முகமெல்லாம் பல். “தங்கமான வண்டியுங்க! மூச்சே வாங்கல. கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்றான். ஞானசம்பந்தம் அப்போதே பேச்சை முடித்தார். பத்திரம் மாற்றுகிற வேலைக்குப் புரோக்கரோடு கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று அய்யாசாமி சாவியைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பூசை.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவரைச் செல்லாத்தாள் நடையில் மறித்தாள்.

“சம்பந்தம், நான் எதுல கொறச்ச வெச்சேன்?”

“அக்கா, பஸ்சுக்கு நேரமாச்சுங்க.”

“பஸ் போனா அடுத்த பஸ் வருது. எட்டுப் பேருக்கு எடமிருக்குது. எனக்கு இல்லையா? உனக்கு நான் ஆகாதவளாப் போயிட்டனா?”

ஞானசம்பந்தம் நிமிர்ந்து அக்காளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சின்ன வயசில் கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் அழாத பிள்ளை அவர்.

“என்னையக் கேக்காதீங்க்கா. நான் வேண்டாமுன்னுதான் சொன்னேன். தங்கவேலுகிட்டக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் இறங்கிப் போய்விட்டார்.

தங்கவேலுவா?

வீட்டுக்குப் பின்னால்தான் கம்பெனி. தேருக்கு லீவு விட்டதால் மெஷின்கள் ஓடவில்லை. மூட்டை கட்டும் அறையில் தங்கவேலு தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் வருவாள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. அக்காள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றான்.

“சொல்லு சாமி” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. இவனிடம் கோபப்பட அவள் பழகியதே கிடையாது.

“நீங்க கொஞ்ச நாளைக்கு வெள்ளகோவில் போய் இருக்கோணுங்க்கா. உங்க கொழுந்தனார் குமாரசாமி கிட்டப் பேசிட்டேன். அவிய சரின்னுட்டாங்க.”

“இத்தன வருசத்துல ஒருக்காக்கூட எட்டிப் பாக்காத ஊட்டுக்கா? எதுக்கு?”

அவன் கையில் ஒரு கட்டு நூலை வைத்து முறுக்கிக்கொண்டேயிருந்தான். “அத்தை ஒரு சோசியகாரருகிட்டப் போனாங்க. ஊட்ல ஒருத்தரு கை... பூவில்லாத ஒருத்தரு கை, புள்ளத்தாச்சி மேல பட்டுட்டே இருக்குது, அதுதான் புள்ள தங்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டாரு. பேறு முடியற வரைக்கும்தானுங்க்கா. நான் நம்பலைன்னுதான் இருந்தேன். ஆனா நெனச்சு நெனச்சுப் பாத்தா... ரெண்டு தடவையும் நீங்கதானுங்க்கா பக்கத்துல இருந்தீங்க. ரெண்டு புள்ளையும் உங்க கையிலதானுங்க...”



“ஆமா சாமி. நாந்தான் இருந்தேன்” என்றாள் செல்லாத்தாள். “வேற யாரு இருந்தா?”

பழனாயி இருந்தாளா? மழையிலே மாட்டு வண்டியிலே, தன் சேலையைக் கிழித்துச் சுற்றி, மூச்சில்லாத அந்தப் பச்சை மண்ணை மடியில் வைத்துக்கொண்டு, மயங்கிக் கிடக்கிறவளுக்குத் தெரியாமல் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தது யார்? இதையெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் அங்கேயே காலில் விழுந்திருப்பான். ஆனால் அவள் கேட்கவில்லை. பாழாய்ப்போன மனசு அதற்குள் வேறொன்றை நினைத்துவிட்டது. ஒருவேளை அப்படியும் இருக்குமோ?

அதுதான் கொடுமை. அவன் சொன்னதைவிட, தன் கையைத் தானே சந்தேகமாகப் பார்த்தாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் இங்கேயே இருந்தால் என்ன ஆகும்? பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் சரி. இல்லையென்றால்? இந்தப் பயல் ஆயுசுக்கும் அவளை அந்தக் கண்ணால்தானே பார்ப்பான்! அதற்கு வெள்ளகோவிலே மேல்.

“எப்பப் போகோணும்?” என்றாள்.

“இன்னிக்கேங்க்கா. வெள்ளிக்கிழமை பூசை போட்டுட்டா அப்பறம்...” என்று இழுத்தான்.

பூசை போட்ட வண்டியில் முதல் சவாரி அவளாக இருக்கக்கூடாது. அவ்வளவுதானே? அவளுக்குப் புரிந்தது. பிறகு அவன் ஒன்று சொன்னான், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு. “பஸ்சுல எல்லாம் வேண்டாமுங்க்கா. நம்ம வண்டியிலயே கொண்டுபோய் உட்டுட்டு வர்றேன். நீங்க ஆசப்பட்ட வண்டி.”

அடப்பாவி!

செல்லாத்தாள் இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். முருகா, அந்தப் புள்ளைய நல்லபடியாக் குடுத்துரு, நான் எங்க இருந்தாலும் சரி என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்கென்று கேட்டுக்கொள்ள எதுவும் தோன்றவில்லை.

கண்ணம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளகோவிலில் ஏதோ விசேஷம், பழைய உறவு விட்டுப் போகக்கூடாது என்று போகிறார்கள் என்று தங்கவேலு சொல்லி வைத்திருந்தான். அவள் நம்பினாள். அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் நம்புகிற பெண் அவள் ஒருத்திதான்.

“எப்ப வருவீங்க அண்ணி?” என்று கேட்டுச் செல்லாத்தாளின் கையைப் பிடித்தாள். செல்லாத்தாள் மெல்லக் கையை உருவிக்கொண்டாள். தொடக்கூடாதாமே!

“சீக்கிரமா வந்தர்றேன் கண்ணு.”

“எனக்கு வலி எடுக்கறதுக்குள்ள வந்துருவீங்கல்ல? எங்கம்மா எல்லாம் ஆகாதுங்க, அது என்னைவிட மின்னாடி அழுதுரும். நீங்க இருந்தாத்தான் எனக்குத் தெகிரியம்.”

செல்லாத்தாள் சின்னத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

“ஊட்ல ஆருமே இல்லையே? ஜானகி வார வரைக்குமாச்சும் இருந்துட்டுப் போறனே” என்றாள்.

“அஞ்சு மணிக்கு அண்ணியும் கொழந்தைகளும் வந்துருவாங்க. அத்தையும் சாயங்காலம் வர்றாங்க. நாங்க போயிட்டு ஓடியாந்துருவோம். ஏறுங்க்கா” என்றான் தங்கவேலு. பழனாயி வரும்போது அக்காள் இருக்கக்கூடாது என்பது ஏற்பாடு. அது அவன் குரலிலேயே தெரிந்தது.

அவள் ஏறினாள். கன்னையன் நடுச் சீட்டை இன்னும் திரும்ப மாட்டியிருக்கவில்லை. காலையில் மூட்டை வைக்கக் கழற்றியது. பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். கண்ணம்மாளைப் படுக்க வைக்க என்று மூன்று மாதமாக அவள் மனசுக்குள் அளந்து அளந்து வைத்திருந்த சீட்டு. நல்ல மெத்தென்று இருந்தது. வண்டி நல்ல வண்டிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கவேலு முன்னால் கன்னையனுக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

கன்னையன் வண்டியை எடுத்தான்.

பின்னால் பெரிய கண்ணாடி. செல்லாத்தாள் திரும்பி உட்கார்ந்து வீட்டையே பார்த்தாள். கேட்டுக்கு வெளியே வந்து கண்ணம்மாள் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அப்புறம் ஆட்டிய கையை இறக்கி இடுப்பில் வைத்தாள். அடுத்த நிமிஷம் இரண்டு கையாலும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. முழங்கால் மடிந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி மண் நனைந்து கறுத்தது.

“கன்னையா, நிறுத்து!” என்று கத்தினாள் செல்லாத்தாள். “வண்டிய நிறுத்து! கண்ணம்மா... தங்கவேலு, கண்ணம்மாடா!”

கன்னையன் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனான். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்க முயன்றான். அதற்குள் வண்டி சந்து முனையில் திரும்பத் தொடங்கியிருந்தது.

தங்கவேலு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்தது. அக்காள் போக மாட்டேன் என்கிறாள், கண்ணம்மாளை விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை என்றுதான் அந்த முட்டாள் நினைத்தான்.

“திரும்பிப் பாருடா சாமி! ஒருக்காத் திரும்பிப் பாரு!” என்று முன்னால் பாய்ந்து வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள் அவள்.

“மாட்டேனுங்க்கா. உங்க மொகத்தப் பாத்தா நான் வண்டியத் திருப்பச் சொல்லிருவேன்” என்றான் தங்கவேலு, கையை எடுக்காமலே. “கன்னையா, அவங்க என்ன சொன்னாலும் நிறுத்தாத. ஓட்டு.”

கன்னையன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். தங்கமான வண்டி, மூச்சு வாங்காமல் காங்கேயம் ரோட்டில் ஏறியது.